ஓடுகளம் கற்றுத் தரும் ஆன்மிகம்

கோரிமேடு என்றதும் நம் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது ஜிப்மர் மருத்துவமனை. காவலர் பயிற்சிப் பள்ளியும் காவல்துறை மைதானமும் கூட அங்கேதான் உள்ளன. காவலர் பணியை நாடும் புதுச்சேரி இளைஞர்கள் பலர் ஓட்டம், நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல் ஆகிய உடல்தகுதித் தேர்வுகளைச் சந்தித்தது இம்மைதானத்தில்தான். எழுத்துத் தேர்வுக்கு ஓர் இரவு முழுவதும் விழித்துப் படித்துச் சமாளிப்பவர்கள் உண்டு. 800 மீட்டர் ஓட்டத்தை அப்படிச் சமாளிக்க இயலாது. மாதக்கணக்கில் ஓடிப் பழகியவர் எல்லைக்கோட்டைத் தொடுவார். பழகாதவர் பாதியில் மூச்சு வாங்கி நிற்பார்.

விசுவாச வாழ்விலும் இது உண்மை. நோயும் கடனும் குடும்பப் பிரிவும் நம்மிடம் சொல்லிவிட்டு வருவதில்லை. அன்றைக்குத்தான் முதன்முறையாக முழந்தாளிடுபவரின் குரலையும் இறைவன் கேட்கிறார், அதில் ஐயமில்லை. ஆனால் இறைவனின் குரலைக் கேட்டுப் பழகாத நம் செவிக்கு, அந்த நாளில் அவரது மௌனம் மட்டுமே கேட்கிறது. துன்ப நேரத்தில் பலர் விசுவாசத்தை விட்டு விலகுவதற்கு இதுவும் ஒரு காரணம் அல்லவா?

பவுலடியார் கண்ட விளையாட்டு

விசுவாச வாழ்வை ஓட்டப் பந்தயத்தோடு ஒப்பிட்டுப் பேசியவர் திருத்தூதர் பவுல் (1 கொரி 9:24-27). கொரிந்து நகருக்கு அருகில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மியா விளையாட்டுகள் நடைபெற்றன. கி.பி. 51-ஆம் ஆண்டையொட்டி அந்நகரில் கூடாரத் தொழில் செய்துகொண்டே நற்செய்தி அறிவித்த பவுலுக்கு, அங்குக் கூடிய வீரர்களும் கூட்டமும் புதிதல்ல. வெற்றி பெற்றவருக்குக் கிடைத்தது இலைகளால் ஆன முடி. சில நாள்களில் வாடிவிடும் அந்த முடிக்காக உணவிலும் உறக்கத்திலும் இவ்வளவு கட்டுப்பாடு என்றால், வாடாத முடியைத் தேடும் நாம் எவ்வளவு கருத்தாய் இருக்க வேண்டும் என்பதே அவர் எழுப்பும் கேள்வி.

திருச்சபையில் நாம் 'தவமுயற்சி' என்று சொல்வதைக் கிரேக்கர்கள் 'அஸ்கேசிஸ்' என்றனர். விளையாட்டு வீரரின் பயிற்சிக்கும் அதே சொல்தான். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்ற தமது நூலுக்குப் புனித இஞ்ஞாசியார் 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்று பெயரிட்டார். நடப்பதும் ஓடுவதும் உடலுக்குப் பயிற்சியாவது போல, செபமும் மனச்சான்றை ஆய்வதும் ஆன்மாவுக்குப் பயிற்சி என்பது அவரது விளக்கம்.

பயிற்சியாளர்கள் அறிந்த மூன்று உண்மைகள்

முதலாவது, சிறிது சிறிதாகக் கூட்டுவது. முதல் நாளிலேயே பத்து கிலோமீட்டர் ஓடுபவர் மறுநாள் கால்வலியோடு படுத்துவிடுவார். தியானக் கூடத்திலிருந்து திரும்பிய உற்சாகத்தில், தினமும் இரண்டு மணி நேரம் செபிப்பேன் என்று முடிவெடுப்பவர்களில் பலர் ஒரு மாதத்தில் பத்து நிமிடத்தையும் விட்டுவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் தொடங்கி அதில் நிலைத்திருப்பதே மேல்.

இரண்டாவது, விட்டால் இழப்போம். பல ஆண்டுகள் ஓடியவரும் இரண்டு மூன்று வாரங்கள் முற்றிலும் ஓடாமல் இருந்தால் அவரது மூச்சுத் திறன் குறையத் தொடங்கும். உறுதிபூசுதல் பெற்றதோடு மறைக்கல்வி முடிந்துவிட்டது என்று எண்ணும் பிள்ளைகளும், தவக்காலத்து நோன்பை உயிர்ப்பு ஞாயிறன்றே மறந்துவிடும் நாமும் இதைச் சிந்திக்க வேண்டும்.

மூன்றாவது, ஓய்வு. தசைகள் வலுப்பெறுவது பயிற்சி நேரத்தில் அல்ல, அதற்குப் பிறகு வரும் ஓய்வில்தான். ஓய்வே இல்லாத பயிற்சி வீரரைக் காயப்படுத்தும். ஆண்டவர் நமக்கு ஓய்வுநாளைக் கட்டளையாகத் தந்ததன் அருமை இதில் விளங்குகிறது. ஞாயிறு காலைகளையும் சிறப்பு வகுப்புகளுக்கும் பயிற்சி முகாம்களுக்கும் ஒதுக்கிவிடும் பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து திருப்பலியை மட்டும் எடுத்துவிடவில்லை. அவர்கள் வலுப்பெற வேண்டிய வேளையையும் எடுத்துவிடுகிறார்கள்.

விழுந்தாலும் நிலைத்திருத்தல்

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறியதால் வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஊனமுற்றவர். காய்கறி விற்ற தாயின் உழைப்பில் வளர்ந்தவர். உயரம் தாண்டுதலில் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில் 1.86 மீட்டர், வெள்ளி. 2024 பாரிசில் 1.85 மீட்டர், வெண்கலம். உயரத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதை இறங்குமுகம் என்பார்கள். எட்டு ஆண்டுகளாகக் களத்தை விட்டு அகலாத உறுதியே நமக்குப் பாடம்.

ஆன்மிக வளர்ச்சியும் ஒவ்வோர் ஆண்டும் ஏறிக்கொண்டே போகும் கோடு அல்ல. செபம் இனித்த காலம் போய், வறண்ட காலமும் வரும். 2025 ஜூன் 15 அன்று விளையாட்டு வீரர்களின் யூபிலித் திருப்பலியில் மறையுரையாற்றிய திருத்தந்தை பதினான்காம் லியோ, தோல்வியை ஏற்கவும் விளையாட்டு நமக்குக் கற்றுத் தருகிறது என்று எடுத்துரைத்தார். விழுந்த வீரர் எழுந்து அடுத்த முயற்சிக்குச் செல்கிறார். நமக்கு அந்த அடுத்த முயற்சியே ஒப்புரவு அருட்சாதனம்.

தனியாக யாரும் ஓடுவதில்லை

டோக்கியோவில் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்திய அணி 3 நிமிடம் 00.25 விநாடியில் ஓடி ஆசிய சாதனை படைத்தது. அந்த நால்வரில் ஒருவர் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ். 2023-இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில், தமிழகத்தின் ராஜேஷ் ரமேஷ் இடம்பெற்ற அணி 2 நிமிடம் 59.05 விநாடியில் அதையும் மிஞ்சியது. எவ்வளவு வேகமாக ஓடினாலும், கையிலுள்ள கோலை அடுத்தவரிடம் சேர்க்காவிட்டால் அந்த ஓட்டம் வீண். நம் பாட்டி தாத்தா தந்த விசுவாசம் நம் கையில் இருக்கிறது. மாலைச் செபம் மறைந்து தொலைக்காட்சியும் கைப்பேசியும் நிறைந்த வீட்டில், அதை யார் கையில் தரப்போகிறோம்?

அருளே முதன்மை

ஒரு வேறுபாட்டையும் மறக்கலாகாது. பந்தயத்தில் பரிசு ஒருவருக்கே. நம் பந்தயத்தில் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்க வேண்டியதில்லை. வீரர் தம் திறமையால் பதக்கத்தை ஈட்டுகிறார். மீட்பை நாம் ஈட்ட முடியாது. அது கொடை. நம் பயிற்சி, கொடையைப் பெறும் கைகளைத் திறந்து வைப்பதே. ஜிப்மரில் பக்கவாதத்திற்குப் பின் கைப்பிடித்து நடக்கப் பழகும் நோயாளிக்கு ஓர் அடி எடுத்து வைப்பதே பெரிய பயிற்சி. படுக்கையில் இருந்தபடி ஒரேயொரு அருள் நிறைந்த மரியே சொல்பவரின் செபமும் இறைவன் முன் அப்படிப்பட்டதே. அவர் பார்ப்பது நமது வேகத்தை அல்ல, அன்பை.

மலையேறுவதில் பேரார்வம் கொண்டிருந்த புனித பியர் ஜார்ஜியோ பிரசாத்தி, தூரின் நகர ஏழைகளைத் தேடிச் சென்று உதவினார். 1925-இல் தம் 24-ஆம் வயதில் இறந்தார். அவரது உடல் வலிமை பிறருக்குப் பயன்பட்டது. நம் செபமும் நோன்பும் அடுத்திருப்பவருக்குப் பயன்படும்போதே அவை கிறிஸ்தவப் பயிற்சியாகின்றன.

எனவே இந்த வாரம் மூன்று சிறு முயற்சிகளை மேற்கொள்வோம்: நாள்தோறும் பத்து நிமிடம் இறைவார்த்தை வாசிப்போம், உறங்குமுன் அன்றைய நாளை ஆய்வு செய்வோம், பேசாமல் விட்ட ஓர் உறவினரிடம் நாமே முதலில் பேசுவோம். நம் விசுவாசத்தைத் தொடங்கி வைத்து நிறைவு செய்யும் இயேசுவின்மீது கண்களைப் பதித்து (எபி 12:2) ஓட, இறையருள் வேண்டுவோம்.