வைரமும் வைரம் என்னும் பெயரும்

வைரம் என்னுஞ் சொல் தமிழிலே மூன்று பொருள் பயப்பது. மரத்தின் முற்றிய உட்பகுதியும் வைரம். நெஞ்சை விட்டு நீங்காத பகையும் வைரம். நவமணிகளுள் ஒன்றும் வைரம். ஒரு சொல் பல பொருள் தருதல் இலக்கியத்திற்கு அழகு. வாணிகத்திலோ அதுவே கேடு. ஆதலின் வைரம் வாங்கக் கருதுவோர் பெயரை வாங்காது பொருளை வாங்குதல் வேண்டும்.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. மாத்தறைப் பகுதியிற் கிடைக்கும் நிறமற்ற சிர்க்கோன் என்னுங் கல் ‘மாத்தறை வைரம்’ என நெடுங்காலம் வழங்கிவந்தது. ஒளியால் அது வைரத்தை ஒப்பது. இனத்தால் முற்றிலும் வேறு. என்னிடங் கற்ற ஒருவர், மகளின் திருமணச் செலவின்பொருட்டுப் பாட்டியார் வழிவந்த தோட்டினை விற்கச் சென்றார். கல்லை நோக்கியவர் அது சிர்க்கோன் என்றார். மூன்று தலைமுறையாக அக்குடும்பத்தார் அதனை வைரத்தோடு என்றே போற்றிவந்தனர். பொய்யுரைத்தவர் எவருமிலர், பெயரின் முற்பாதி காலப்போக்கில் உதிர்ந்தது, பிற்பாதி நிலைத்தது, அவ்வளவே. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் வில்லையால் நோக்கின் சிர்க்கோனின் பின்புறப் பட்டை விளிம்புகள் இரட்டையாகத் தோன்றும். வைரத்தில் ஒற்றையாகவே தோன்றும். அன்று ஒரு வில்லை இருந்திருப்பின் அவ்வேமாற்றம் நேர்ந்திராது.

நம் முன்னோர் மணிகளைக் குற்றம் நோக்கியே தேர்ந்தனர். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரையின் மணி வீதியை வருணிக்கும் இளங்கோவடிகள், வைரத்துக்குரிய குற்றங்கள் நான்கினைச் சுட்டுகின்றார். விந்து புள்ளி, ஏகை கீற்று, களங்கம் கறை, காகபாதம் காக்கையின் அடி போன்ற வடு. இக்காலத்தார் தூய்மை என்று அளப்பதும் இவைபோன்ற குற்றங்களின் இன்மையையே.

தூய்மையோடு எடை, நிறம், வெட்டு என்னும் மூன்றினையும் நோக்குதல் வேண்டும். ஒரு கரற்று என்பது 200 மில்லிகிராம். கல் பெரிதாகுந்தோறும் கரற்று ஒன்றின் விலையும் ஏறும். எனவே தரம் ஒத்தவிடத்து, ஒரு கரற்றுக் கல்லொன்றின் விலை அரைக் கரற்றுக் கற்கள் இரண்டின் விலையினும் மிகும். நிறத்தை ‘டி’ முதல் ‘இஸட்’ வரையான ஆங்கில எழுத்துக்களாற் குறிப்பர். ‘டி’ நிறமே அற்றது, பின்வருவனவற்றில் மஞ்சள் படிப்படியாக மிகும். பின்புறம் மூடிய பதிப்பில் மஞ்சளும் மாசும் மறையுமாதலின், கல்லைப் பதிக்குமுன்னரே காண்க. வெட்டுச் சிறவாவிடின் உட்புகும் ஒளி மீண்டு வாராது அடியிற் கழிந்துவிடும். ஏனைய மூன்றும் சிறந்திருந்தும் கல் மங்கித் தோன்றும்.

இன்று ஆய்வுகூடத்தில் வளரும் வைரமும் உண்டு. 1954 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் இலெக்றிக் நிறுவனத்தார் மிக்க அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் கரியை வைரமாக்கினர். அத்தகைய வைரம் போலியன்று; பொருளால் வைரமே. ஆயினும் நிலத்தில் விளைந்ததினும் விலை மிகக் குறைந்தது. இரண்டையும் வெறுங் கண்ணாற் பிரித்தறிதல் அரிது, கருவி வேண்டும். ஆதலின் இன்னது என எழுத்திற் பெறாது பணங் கொடுத்தல் தகாது. விற்பவரல்லாத ஆய்வுகூடத்தின் சான்றிதழைக் கேட்டுப் பெறுக. கல்லின் விளிம்பில் நுண்ணெழுத்தாற் பொறித்த எண் இருப்பின், அது சான்றிதழின் எண்ணோடு ஒக்கின்றதா என்பதையும் நோக்குக.

சம்மட்டியால் அடித்துச் சோதிக்கலாம் என்னும் பழங்கூற்றை நம்பற்க. வைரம் கீறலுக்கு அஞ்சாது, அடிக்கோ பிளந்துவிடும்.

கோவலன் மதுரையின் அம்மணி வீதியைக் கண்டு வந்தவன். மணியின் குற்றமும் குணமும் தேர்வார் நிறைந்த அந்நகரிலே, கையிலிருந்த சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என உடைத்துப் பார்ப்பாரின்றி அவன் மாண்டான். உடைத்துப் பார்த்தது கண்ணகி வந்த பின்னரே. ஆராய்ச்சி பிந்தின் அதனாற் பயனில்லை என்பதை அக்காப்பியத்தினும் தெளிவாக உரைப்பது யாதுளது?