கரையிலிருந்து ஐந்து மீட்டர்

சென்னையில் விமானம் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் அந்தமான். அங்கே சில கடற்கரைகளில் வைத்திருக்கும் முதலை எச்சரிக்கைப் பலகையைப் பார்த்து, ‘கடலில் ஏது முதலை’ என்று சிரிக்கிறவர்கள் உண்டு. உவர்நீர் முதலைக்கு ஆறு, கழிமுகம், கடல் எல்லாம் ஒன்றுதான். 2010 ஏப்ரலில் ஹேவ்லாக் தீவில், ராதாநகர் கடற்கரையை ஒட்டி நீந்திக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவரை முதலை கொன்றது. சுற்றுலா விளம்பரங்களில் வரும் அதே நீலத் தண்ணீர்தான். முதலைகள் வாழும் இடத்துக்குப் போகிற பயணி செய்யும் பெரிய தவறு கண்ணை நம்புவது. பார்த்தேன், ஒன்றையும் காணோம், அதனால் இறங்கினேன் என்பார்கள். அந்த ‘அதனால்’தான் ஆளைக் கொல்கிறது.

முதலையின் உடலமைப்பே ஒளிந்திருப்பதற்கானது. கண், காது, மூக்குத் துளை மூன்றும் தலையின் உச்சியில் இருப்பதால், ஐந்து மீட்டர் நீளமுள்ள ஆண் முதலைகூட ஒரு கையளவு மட்டும் வெளியே தெரியும்படி மிதக்க முடியும். அசையாமல் கிடந்தால் ஒரு மணி நேரம்வரை மூச்சடக்கி அடியிலேயே இருக்கும். தாடையைச் சுற்றியுள்ள நுண்ணிய உணர்புள்ளிகள் இருட்டிலும் கலங்கல் நீரிலும் சிறு அலையை உணர்ந்துவிடும். குளிர்ரத்தப் பிராணி என்பதால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், அவசரமே கிடையாது. முதலை காலைக் கவ்விய நம் புராணத்து யானையும் நீரில் இறங்கிய பிறகுதான் பிடிபட்டது. நிலத்தில் வெகுதூரம் துரத்துவது முதலையின் வழக்கமில்லை. வளைந்து வளைந்து ஓடித் தப்பலாம் என்ற யோசனை அதனால் பயனற்றது. அதன் வேட்டை நடப்பது நீரும் கரையும் சந்திக்கும் அந்தச் சில அடிகளில்.

வட ஆஸ்திரேலியாவில் பயணிகளுக்குச் சொல்லப்படும் விதிகள் இந்த உண்மையிலிருந்தே பிறந்தவை. கரையிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நில். கூடாரத்தை ஐம்பது மீட்டருக்கு அப்பால் போடு. மீன் கழிவையும் மிச்சச் சோற்றையும் நீரோரம் எறியாதே. பலர் கவனிக்காத விதி இன்னொன்று: ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தண்ணீர் மொள்ளாதே. நேற்று அதே நேரத்தில் அதே கல்லில் குனிந்தவரை முதலை பார்த்து வைத்திருக்கும். நமக்குப் பழகிய படித்துறை அதற்கும் பழகிவிடுகிறது.

உள்ளூர்க்காரர்கள் இறங்குகிறார்களே என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் தாக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்வாசிகள்தான். பழக்கம் துணிச்சலைத் தருகிறது, பாதுகாப்பைத் தருவதில்லை. படகில் இருந்தால் பயமில்லை என்பதும் சரியல்ல. 1985இல் காக்கடு தேசியப் பூங்காவில் தனியாகச் சிறு துடுப்புப் படகில் போன தத்துவ அறிஞர் வால் பிளம்வுட்டின் படகை முதலை மோதியது. கரையோர மரத்தில் தாவி ஏற முயன்றவரைக் கவ்வி, மூன்று முறை நீருக்குள் சுழற்றியது. படுகாயத்தோடு தப்பிய அவர், அந்த முதலையைக் கொல்லக்கூடாது என்று வாதிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்படியானால் பிடித்து வேறிடத்தில் விட்டுவிடலாமே? குயின்ஸ்லாந்தில் ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று கேப் யார்க் தீபகற்பத்தின் மறுபக்கம் விடப்பட்ட ஒரு முதலை, கடலோரமாக நானூறு கிலோமீட்டருக்கு மேல் நீந்தி இருபது நாளில் வீடு திரும்பியதைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது; அந்த ஆய்வு 2007இல் வெளியானது. வடக்குப் பிரதேசத்தின் டார்வின் நகரைச் சுற்றி ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான முதலைகளை அகற்றுகிறார்கள். ஆனாலும் அங்குள்ள நீர்நிலை எதையும் முதலையற்றது என்று யாரும் உறுதி கூறுவதில்லை. ஒன்று போன இடத்துக்கு இன்னொன்று வரும். வேட்டையால் அழியும் நிலைக்குப் போய், 1971இல் பாதுகாப்புப் பெற்றபோது அந்தப் பிரதேசத்தில் சில ஆயிரமாக இருந்தவை இன்று ஏறக்குறைய ஒரு லட்சம். இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் அவற்றைக் காக்கிறது. பாதுகாக்கவும் வேண்டும்தான், ஒதுங்க வேண்டியது நாம்.

அந்தமானுக்கோ, ஒடிசாவின் பிதர்கனிகாவுக்கோ போகிறவர்கள் நீரில் காலை வைக்குமுன் வனத்துறையினரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் இறங்காதீர்கள்.