முப்பது அறைக்குக் கீழே புகைக்கு இடமில்லை

இராஜாக்கமங்கலம் துறைக்கு மேற்கே கணபதிபுரத்து லெமூர் கடற்கரை. கிழக்கே சங்குத்துறை, அதையும் தாண்டினால் சொத்தவிளை. கன்னியாகுமரி நெரிசலை விரும்பாத குடும்பங்கள் விடுமுறைக்குத் தேடி வருவது இந்தக் கடலோரத்தைத்தான். இங்கே கிடைப்பவை பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்கள் அல்ல. தென்னந்தோப்புக்குள் நாலு அறை, ஆறு அறை வைத்த வீடுகள், ஹோம்ஸ்டேக்கள், சின்ன ரிசார்ட்டுகள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை பெயரில் கூட்டுப் பட்டாவில் கிடக்கும் குடும்ப வீடுகளும் இந்தக் கணக்கில் வரும். பங்காளிகள் ஒருவர் வளைகுடாவில், ஒருவர் சென்னையில் என்று இருப்பார்கள். வீடு பூட்டிக் கிடக்க வேண்டாம் என்று விருந்தினருக்கு விடுவார்கள்.

இப்படி ஒரு அறையில் சிகரெட் பிடிக்கலாமா? காசு கொடுத்து எடுத்த அறை, கதவைச் சாத்திக்கொண்டு பிடித்தால் யாருக்கு என்ன என்கிறார் விருந்தினர். என் பங்கு வீட்டில் என்னை யார் கேட்பது என்கிறார் பங்காளி. வாடகைக்கு விடப்படும் வீட்டில் இந்த இரண்டு வாதமும் நிற்காது.

சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருட்கள் சட்டம் 2003இல் வந்தது. அதன் 4ஆம் பிரிவு பொது இடங்களில் புகை பிடிப்பதைத் தடை செய்கிறது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் பணியிடங்களையும் பொது இடம் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தன. இதற்கெல்லாம் முன்னோடியாக நின்றது நம் பக்கத்து மாநிலம். பொது இடத்தில் புகை பிடிப்பது சட்டவிரோதம் என்று கேரள உயர் நீதிமன்றம் 1999 ஜூலை 12ஆம் தேதியே தீர்ப்பளித்துவிட்டது. முரளி தேவரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் நாடு முழுவதற்குமான உத்தரவைப் பிறப்பித்தது.

4ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. 30 அறைகளோ அதற்கு மேலோ உள்ள ஓட்டல், 30 பேரோ அதற்கு மேலோ அமரும் உணவகம், விமான நிலையம் ஆகியவை புகை பிடிக்கத் தனியிடம் ஒதுக்கலாம். ஓட்டல் அறைகளை ஒதுக்குவதென்றால் அவை ஒரே தளத்திலோ ஒரே பகுதியிலோ சேர்ந்திருக்க வேண்டும், புகை அறை என்று எழுதி வைக்க வேண்டும், புகை வெளியே போக வேண்டுமே தவிர நடைக்கும் வரவேற்பறைக்கும் கசியக் கூடாது. இந்த விலக்கைத் திருப்பிப் பாருங்கள். ஆறு அறை ஹோம்ஸ்டேவுக்குப் புகை அறை வைக்கும் சலுகையே கிடையாது. எங்களிடம் ஸ்மோக்கிங் ரூமும் உண்டு என்று ஒரு சின்ன விடுதி சொன்னால், அது சட்டம் தராத ஒன்றை விற்கிறது. இந்தக் கடலோரத்து விடுதிகளுக்கு அறை எண்ணிக்கையே பாதிக் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறது. இது பலருக்கும் தெரிவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

புகை அறைவாசியோடு போய்விடுவதில்லை என்பதும் தெரிய வேண்டிய விஷயம். நிக்கோட்டின் சுவரிலும் திரைச்சீலையிலும் மெத்தையிலும் தலையணையிலும் படிகிறது. காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு அது வினைபுரிந்து புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமைன்களாக மாறுவதை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் 2010இல் காட்டினார்கள். கலிபோர்னியா ஓட்டல்களில் நடந்த இன்னொரு ஆய்வு 2013இல் வெளிவந்தது. முழுத் தடை உள்ள ஓட்டல்களையும் சில அறைகளில் மட்டும் புகைக்க விடும் ஓட்டல்களையும் அது ஒப்பிட்டது. இரண்டாம் வகை ஓட்டல்களில் யாரும் புகைக்கக் கூடாத அறைகளிலும்கூட மேசை, சுவர்ப் பரப்புகளில் நிக்கோட்டின் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஒரு அறையை மட்டும் விட்டுக்கொடுத்தால் மற்ற அறைகளும் சேர்ந்து கெடுகின்றன.

நம் வீடுகளில் புகை அறைக்கு அறை பரவுவது இன்னும் எளிது. தட்டு அடிக்காத ஓட்டு வீட்டில் அறைச் சுவர் கூரை வரை எட்டாது. மேல் இடைவெளி வழியே புகை அடுத்த அறைக்குப் போகும். ஏசி போட்டிருக்கிறதே என்பார்கள். சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக் காற்றையே சுற்றி விடுகிறது. ஓலைக் குடில் போட்ட ரிசார்ட் என்றால் நெருப்புப் பயமும் சேரும். காய்ந்த ஓலைக்கு ஒரு பீடித் துண்டு போதும்.

புகை படிந்த அறைக்குள் அதிக நேரம் புழங்குவது விருந்தினர் அல்ல. விரிப்பு மாற்றவும் தரை துடைக்கவும் குளியலறை கழுவவும் வரும் பெண், ஒருவர் போய் இன்னொருவர் வருவதற்கு முன்பு அடைத்த அறைக்குள் நின்று வேலை செய்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை அறையோ அத்தனை முறை. இந்தியாவில் கட்டடத்துக்குள் வேலை செய்யும் பெரியவர்களில் 30.2 சதவீதம் பேர் பணியிடத்தில் பிறர் விடும் புகையைச் சுவாசிக்கிறார்கள் என்கிறது 2016-17இன் தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பு. விருந்தாளி இரண்டு நாளில் போய்விடுவார், அந்தப் பெண்ணுக்கு வருஷம் முழுக்க இதே அறைதான். தடை வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் அவர்.

இனி பணம். புகை பிடித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று விடுதிகள் எழுதி ஒட்டுவதுண்டு. அபராதம் போடும் உரிமை அரசு அதிகாரம் கொடுத்தவர்களுக்கே உண்டு. அதுவும் 200 ரூபாய் வரைதான். விடுதி கேட்பது சுத்தம் செய்யும் செலவு, அது ஒப்பந்தத்தில் வருவது. அறை எடுக்கும்போதே தெரிவித்து, விருந்தினர் ஒப்புக்கொண்டிருந்தால் கேட்கலாம். நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத தொகையைத் தண்டமாக விதிக்கும் ஒப்பந்தம் நியாயமற்றது என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். திரை துவைத்து மெத்தையை வெயிலில் போட்டு, ஒரு நாள் அறை காலியாகக் கிடந்தால் ஆகும் செலவு கேட்பதில் தவறில்லை. கிளம்பும் நேரத்தில் திடீரென்று நீட்டும் பில் நிற்காது.

அடுத்து, பங்கு உள்ளவர்களின் வாதம். பங்கு விடுதி என்று பொதுவாகச் சொல்வதிலும் இரண்டு வகை இருக்கிறது. 1986இல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங், 1996இல் வந்த மகிந்திரா ஹாலிடேஸ் போன்ற நிறுவனங்கள் விற்பது உறுப்பினர் உரிமையை. ஆண்டுக்கு இத்தனை நாள் தங்கலாம் என்ற ஒப்பந்தம் அது. 25 வருஷத் திட்டம் எடுத்தவரும் அறைக்குச் சொந்தக்காரர் ஆவதில்லை. அறையில் புகைக்கக் கூடாது என்று ஒப்பந்தம் சொன்னால் அவர் கட்டுப்பட்டவர். அடுத்த வாரம் அதே கட்டிலில் இன்னொரு உறுப்பினரின் கைக்குழந்தை படுக்கலாம். நிறுவனமே தடை போடுவது புதிதும் அல்ல: சங்கிலி ஓட்டல்களில் மேரியட் 2006இலேயே அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள தன் ஓட்டல்கள் முழுவதிலும் புகையை நிறுத்திவிட்டது.

கூட்டுப் பட்டா வீடு வேறு கதை. யாரும் வாடகைக்கு விடாத வரை அது குடும்பத்தார் வீடு, சட்டம் உள்ளே வராது. ஒரு பங்காளிக்கு உள்ள அனுபவ உரிமை மற்றவருக்கும் உண்டு. தம்பியை அண்ணன் தடுக்க வேண்டுமானால் எழுத்தில் ஓர் உடன்பாடு தேவை. விருந்தினருக்கு விடத் தொடங்கி, வேலைக்கு ஒருவரை வைத்துவிட்டால், சொந்தக்காரர் என்பதற்காக விலக்கு இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாங்கிப் போட்டு விடுமுறைக்கு விடுவோருக்குத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 இருக்கிறது. படிக்கட்டு, லிஃப்ட், மொட்டை மாடி போன்ற பொதுப் பகுதிகளுக்குச் சங்கம் துணைவிதி எழுதிக்கொள்ளலாம்.

சிட்டவுட்டும் பால்கனியும் சட்டத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. கூரையுள்ள, அறையோடு ஒட்டிய இடத்தை அறையாகவே நடத்துவது நல்லது; கடற்காற்று அடிக்கும்போது அங்கே விடும் புகை ஜன்னல் வழியே நேரே உள்ளேதான் வரும். முற்றத்தில், தோப்பின் ஓரத்தில், கட்டடத்தை விட்டுத் தள்ளி ஒரு மணல் தொட்டி வைத்தால் புகைப்பவரும் ஒழுங்காக இருப்பார். கடற்கரை மணலை மட்டும் விட்டுவிட வேண்டும். அங்கே போடும் சிகரெட் துண்டின் பஞ்சு பஞ்சல்ல, செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக். பிரான்ஸ் 2025 ஜூன் 29 முதல் கடற்கரைகளிலேயே புகைக்கத் தடை போட்டுவிட்டது. நம் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை.

விடுதி நடத்துபவர் செய்ய வேண்டியவற்றையும் 2008 விதிகள் சொல்கின்றன. இங்கே புகை பிடிப்பது குற்றம் என்ற பலகை, 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில், வாசலிலும் ஒவ்வொரு தளத்திலும். ஆஷ்டிரே, தீப்பெட்டி, லைட்டர் வைக்கக் கூடாது. புகார் வந்தும் சும்மா இருந்தால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை பேருக்குமான அபராதம் உரிமையாளர் தலையில். புகார் செய்ய வேண்டியவரின் பெயரையும் எழுதி வைக்க வேண்டும். துபாயில் இருக்கும் பங்காளியின் பெயரை எழுதிப் பயனில்லை. பெரும்பாலும் அது தோப்பு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வாட்ச்மேனின் பெயராகத்தான் இருக்கும். கார் வைத்து வரும் விருந்தாளியிடம் 'சார், இங்க பிடிக்கப்பிடாது' என்று சொன்னதற்காக அவர் வேலை போகாது என்பதை, பலகை மாட்டும் அன்றே பங்காளிகள் எல்லாரும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.