'ரெமிட்' என்றால் கட்டுவதா, விடுவதா?

தாராவியில் எங்கள் வீட்டருகே குடியிருக்கும் பெரியவர் ஒருவர் சென்ற மாதம் ஓர் ஆங்கிலக் கடிதத்துடன் வந்தார். ஓர் அலுவலகத்தில் அவருக்கு 800 ரூபாய் அபராதம் போட்டிருந்தார்கள். தள்ளுபடி கேட்டு மனுச் செய்திருந்தார். வந்த பதிலில் அபராதம் 'ரெமிட்டெட்' என்றிருந்தது. பேரன் பள்ளிக்கூட அகராதியைப் புரட்டி, "ரெமிட் என்றால் பணம் அனுப்புவது, தாத்தா" என்று சொல்லிவிட்டான். வீட்டம்மாளின் தோட்டை அடகு வைத்துவிட்டுத்தான் பெரியவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, இதை எந்தக் கவுண்டரில் கட்டணும்?"

கட்டவே வேண்டாம்! அபராதத்தை விட்டுவிட்டோம் என்பதே கடிதத்தின் பொருள்.

பேரன் மீது குற்றமில்லை. லத்தீன் மொழியில் 'மிட்டெரே' என்றால் அனுப்புதல், போகவிடுதல். 'ரெ' என்றால் திரும்ப. கடனையோ பாவத்தையோ போகவிட்டால் அது மன்னிப்பு. ஆங்கிலத்தில் 'ரெமிட்' முதலில் இந்தப் பொருளில்தான் வழங்கியது. பணம் அனுப்புவது என்ற பொருள் பிற்பாடு வந்து சேர்ந்தது. இன்றும் இரண்டும் புழங்குகின்றன.

அதே வேரில் கிளைத்தவை வேறு பல உண்டு. ஊடே போகவிடுவது 'பெர்மிட்'. வெளியே அனுப்புவது 'டிஸ்மிஸ்'. எறிந்து அனுப்பும் ஆயுதம் 'மிசைல்'. உள்ளே விடுவது 'அட்மிட்'. ஆஸ்பத்திரியில் அட்மிட் என்றால் சேர்ப்பது. கோர்ட்டில் அட்மிட் என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது! நம் 'விடு' என்ற சொல்லும் விடுமுறை, விடுதலை, விடுகதை என்று வெவ்வேறு வழியில் போகவில்லையா?

நமது அரசியல் சட்டத்தின் 72-வது பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161-வது பிரிவு ஆளுநருக்கும் 'ரெமிஷன்' தரும் அதிகாரம் அளிக்கிறது. அது தண்டனைக் குறைப்பு. டாக்டர் 'ரெமிஷன்' என்றால் நோய் தணிந்திருக்கிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம்.

ஆகவே, ஆங்கிலக் கடிதம் வந்தால் ஒற்றைச் சொல்லை மட்டும் அகராதியில் பார்க்காதீர்கள். முழு வாக்கியத்தையும் படியுங்கள். 'நீங்கள் ரெமிட் செய்யவும்' என்றிருந்தால் கட்ட வேண்டும். 'அபராதம் ரெமிட் செய்யப்பட்டது' என்று அலுவலகமே எழுதியிருந்தால், கட்ட வேண்டியதில்லை. சந்தேகமிருந்தால் விவரம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். அடகுக்கடைக்குப் போவதற்கு முன்பே கேளுங்கள்.

பெரியவர் மறுநாளே தோட்டை மீட்டுவிட்டார். ஒரு மாத வட்டி மட்டும் போயிற்று. அதை 'ரெமிட்' செய்ய அடகுக்கடைக்காரர் சம்மதிக்கவில்லை!