கழுவிய எண்ணெய் எங்கே போகிறது?

ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு நாளும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து வாட்டர் சர்வீஸ்களில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. லாரி, ஜேசிபி, பொக்லைன், போர்வெல் ரிக் என்று வரிசை சாலைவரை நீளும். ஆண்டு முழுக்கச் சேர்ந்த கிரீஸும் புழுதியும் அதற்குள் இறங்கியாக வேண்டும். மறுநாள் சந்தனம் வைக்க இடம் வேண்டுமே! இதை விட்டால் எஃப்.சி. காட்டப் போகும்போது ஒரு குளியல். நடுவில் முதலாளிக்கு மனசு வந்தால் இன்னொன்று. கனரக வண்டியைக் கழுவுவதை நம் ஊரில் அலங்காரக் கணக்கில்தான் எழுதுகிறார்கள்.

அது பராமரிப்புக் கணக்கில் வர வேண்டியது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே எண்ணெயும் தூசியும் அப்பிக்கொண்டால் காற்று உள்ளே போகாது; என்ஜின் சூடாகும், ஹைட்ராலிக் எண்ணெயும் சூடாகும். சைலன்சர் பக்கம் காய்ந்த சருகும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கிடந்தால் அது தீக்குச்சிக்குக் காத்திருக்கும் விறகு. பூம் வெல்டிங்கில் விழுந்த மயிரிழை விரிசல் கிரீஸ் மூடியிருக்கும்வரை யார் கண்ணுக்கும் படாது. எந்த ஹோஸில் கசிவு என்று மெக்கானிக் தடவித் தடவிப் பார்த்துவிட்டுக் கடைசியில் மூன்றையும் மாற்றச் சொல்வார். கழுவித் துடைத்து, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தால் கசியும் இடம் தானாகவே ஈரம் காட்டும். ஒரு ஹோஸ் மாற்றினால் போதும்.

ஆஸ்திரேலியாவுக்கு இதில் இன்னொரு கவலை. வெளிநாட்டிலிருந்து இறங்கும் பழைய இயந்திரத்தில் மண்ணோ விதையோ ஒட்டியிருந்தால் அதை உள்ளே விடமாட்டார்கள். கழுவு, இல்லையென்றால் திருப்பி எடுத்துப் போ. நம் வயல்வெளிகளைப் பாழாக்கிய அதே பார்த்தீனியம் அங்கே குயின்ஸ்லாந்து மாநிலத்தையும் படுத்துகிறது. அது ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் வண்டிகளிலும் இயந்திரங்களிலும் ஒட்டிக்கொண்டுதான் என்பதால், வண்டி கழுவுவதற்கென்றே அங்கே தளங்கள் அமைத்திருக்கிறார்கள். நம் அறுவடை இயந்திரங்களும் மாவட்டம் விட்டு மாவட்டம் போகின்றன. அவற்றைக் கழுவி அனுப்பச் சொல்லி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சரி, கிரீஸ் ஏன் இப்படிப் பிடிவாதமாக ஒட்டுகிறது? அதற்குள் முக்கால் பங்குக்கு மேல் எண்ணெய்தான். அந்த எண்ணெயை ஒழுகவிடாமல் பிடித்து வைத்திருப்பது ஒருவகைச் சோப்பு. பொக்லைனுக்கும் லாரிக்கும் பரவலாக அடிக்கும் லித்தியம் கிரீஸில் அந்தச் சோப்பு ஆமணக்கெண்ணெயிலிருந்து வருகிறது என்று சொன்னால் கிரீஸ் கன் பிடிக்கும் பையன்களே நம்பமாட்டார்கள். அந்தக் கட்டு முழுதாக அவிழ ஏறத்தாழ 180 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆகவே 80 டிகிரி வெந்நீர் கிரீஸை உருக்கிவிடும் என்பது தப்பு. வெந்நீர் செய்வது, எண்ணெயை இளக்கி இரும்பின் பிடியிலிருந்து தளர்த்துவது. மீதி வேலையைக் கெமிக்கல் செய்ய வேண்டும்.

ஜெர்மனியின் ஹென்கல் நிறுவனத்தில் ஹெர்பர்ட் சின்னர் என்றொரு வேதியியலாளர் இருந்தார். எந்த அழுக்கும் நான்கு விஷயங்களால்தான் போகிறது என்றார் அவர்: கெமிக்கல், சூடு, தேய்ப்பு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டித்தான் ஈடுகட்ட முடியும். துணி துவைப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் பொருந்தும் இந்தக் கணக்கு டிராக் செயினுக்கும் அப்படியே பொருந்துகிறது. வெந்நீரை விசையோடு அடிக்கும் இயந்திரத்தைக் கார்ஷர் நிறுவனம் 1950-லேயே கொண்டுவந்துவிட்டது. நம் சர்வீஸ் நிலையங்களில் இன்றும் பெரும்பாலும் பச்சைத்தண்ணீர்தான். ஊறவிட நேரமும் இல்லை, பின்னால் நான்கு வண்டி ஹாரன் அடிக்கிறது. ஆக, சூடும் இல்லை, நேரமும் இல்லை. மிச்சம் இருப்பது பிரஷரும் டீசலும்.

டீசல் அடித்துக் கழுவுவது இன்னும் நடக்கிறது. எண்ணெயை எண்ணெய் கரைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கம்ப்ரஸர் காற்றில் புகையாகத் தெளிக்கும் டீசல், கேனில் இருக்கும் டீசலைவிடப் பல மடங்கு எளிதில் தீப்பிடிக்கும். அடிக்கிறவரின் நுரையீரலுக்குள்ளும் போகும். டீசலுக்கென்று செய்யாத ரப்பர் புஷ்களும் ஒயர் உறைகளும் உப்பி இளகும். கழுவி முடித்ததும் வண்டி பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஓனர் மகிழ்ந்துபோகிறார். அந்தப் பளபளப்பு மேலே படிந்த டீசல் படலம். அடுத்த புழுதி அதில்தான் வந்து ஒட்டும்.

முறையாகச் செய்கிறவர்கள் தண்ணீரைத் தொடுவதற்கு முன் சுரண்டியை எடுக்கிறார்கள். ஒரு பொக்லைனின் ரோலர்களுக்கு நடுவே பாருங்கள்: செம்மண், ஜல்லித்தூள், கிரீஸ் மூன்றும் இறுகி, கறுத்து, இழுத்தால் பாளமாகப் பெயரும். இதைத் தண்ணீரால் கரைக்க நினைப்பது வீண் வேலை. உலர்ந்தபடியே சுரண்டிச் சாக்கில் கட்ட வேண்டும். என்ஜின் ஆறிய பிறகு, வெயில் படாத நேரத்தில், கெமிக்கலைக் கீழிருந்து மேலாக அடிப்பார்கள். மேலிருந்து அடித்தால் அது காய்ந்த அழுக்கின் மேல் கோடு கோடாக வழிந்து அந்தக் கோடுகள் அப்படியே தங்கிவிடும். பத்து நிமிடம் ஊற வேண்டும், காயக் கூடாது. சித்திரை வெயிலில் இந்த இரண்டும் ஒன்றாக நடக்காது. அதனால்தான் விவரமானவர்கள் விடிகாலையில் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு அலசுவது மேலிருந்து கீழாக.

இனி பிரஷர். 150 பார் என்றால் 2,000 பி.எஸ்.ஐ.க்கு மேல், கார் டயரில் இருப்பது சுமார் 32. அந்த அழுத்தத்தில் நாசிலை விட்டுக் கிளம்பும் தண்ணீரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். பேரிங் சீல்கள் தூசியைத் தடுக்கவும் எண்ணெயைப் பிடித்து வைக்கவும் செய்தவை. இந்த வேகத்தில் வரும் தண்ணீரை அவை தாங்கா. ரேடியேட்டர் தகடு அப்பளமாகச் சாயும். இப்போதைய வண்டிகளில் ஒயர் கனெக்டருக்குள் ஈரம் புகுந்தால் சென்சார் ஒவ்வொன்றாக எரர் காட்டும். மின்கோளாறு என்று அலைந்து தீர்ப்பார்கள். ஒரு புள்ளியில் குவியும் ஜீரோ டிகிரி நாசிலைக் கழற்றி வைத்துவிட்டு 25 டிகிரி நாசிலைப் போட்டு, ஒரு முழம் தள்ளி நின்று அடித்தாலே பாதிச் சேதம் குறையும். கழுவிய கையோடு எல்லா நிப்பிளிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை புதுக் கிரீஸ் ஏற்ற வேண்டும். இதைத் தவறவிட்டால் கழுவாமல் இருந்த வண்டியைவிடக் கழுவிய வண்டியில்தான் பின்னும் புஷ்ஷும் சீக்கிரம் தேயும்.

கன் பிடித்திருப்பவர் பெரும்பாலும் ரப்பர் செருப்பில் நிற்கிறார். 100 பி.எஸ்.ஐ. இருந்தாலே தண்ணீர் தோலைத் துளைக்கும். விரலில் பட்டால் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். வலிகூட முதலில் தெரியாது. உள்ளே கெமிக்கலும் எண்ணெயும் சதையோடு ஓடியிருக்கும். சில மணி நேரத்தில் வீங்கி, தாமதமானால் விரலையே எடுக்க வேண்டிவரும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலையைத் தொடரும் காயம் அன்று இது. அப்போதே அறுவை மருத்துவரிடம் ஓட வேண்டியது. கெமிக்கலிலும் கவனம் வேண்டும். காஸ்டிக் சோடா கலந்தது அலுமினியத்தை அரித்து வெளுக்க வைக்கும், கையையும் வெடிக்க வைக்கும். அலுமினியத்தைப் பளிச்சிட வைக்க விற்கும் சில ஆசிட்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது. அது பட்டவுடன் எரியாமல் பிறகு எலும்புவரை இறங்கும். லேபிள் ஒட்டாத வெள்ளைக் கேனில் வருவதை வாங்காதீர்கள்.

இத்தனையும் செய்து இறக்கிய எண்ணெய் ஒரு குழிக்குப் போகிறது. மூன்று அறைத் தொட்டி: முதலில் மண் அடங்கும், அடுத்ததில் எண்ணெய் மிதக்கும், கடைசியில் அடியிலிருந்து தெளிந்த நீர் வெளியேறும். எண்ணெய் மிதக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் கட்டியது அந்தத் தொட்டி. கெமிக்கலின் வேலையோ எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்து, மறுபடி சேரவிடாமல் உறை போட்டு வைப்பது. பிரஷர் அதை இன்னும் பொடியாக்குகிறது. அதனால் தண்ணீர் பால் நிறத்தில் மூன்று அறையையும் கடந்து போய்விடும். எவ்வளவு நன்றாகக் கழுவும் கெமிக்கலோ அவ்வளவுக்குத் தொட்டி ஏமாறும். ஓடை, ஆற்றில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது மத்திய அரசின் பொது விதி. ஒரு தேக்கரண்டி எண்ணெய் 440 லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். ஒரு டிராக் செயினில் இருப்பது எத்தனை தேக்கரண்டி? சுரண்டிக்கு நான் இவ்வளவு வக்காலத்து வாங்குவது இதற்காகத்தான். சாக்கில் கட்டியது தண்ணீருக்குள் போகவே போகாது.

எண்ணெயைக் கொஞ்ச நேரம் மட்டும் பிடித்திருந்து பிறகு விட்டுவிடும் கெமிக்கல்களும் விற்பனைக்கு இருக்கின்றன. உங்கள் சர்வீஸில் எது ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. வண்டி அலசின தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஓரமாக வையுங்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்க்கும்போது மேலே கறுப்பு வளையம் கட்டி, கீழே தண்ணீர் தெளிந்திருந்தால் தொட்டி வேலை செய்யும். அப்போதும் பாலாகவே நின்றால் கேனை மாற்றுங்கள், குழியை ஆழப்படுத்திப் பயனில்லை.