ரோஜாக் குச்சிக்கு என்ன அவசரம்?

பக்கத்து வீட்டில் ஒடித்து வந்த ரோஜாக் குச்சி. நட்டு நாலு நாள்தான் ஆகிறது. அதற்குள் ஒரு பிடி டிஏபி போடக் கை பரபரக்கும். போடாதீர்கள். வேரே இல்லாத குச்சி உரத்தை எப்படி எடுக்கும்? மண்ணில் உப்பு ஏறி, அடிமுனை கறுத்துப் போவதுதான் மிச்சம்.

குச்சிக்கு வேண்டியது சாப்பாடு அல்ல, தூண்டுதல். நர்சரியில் விற்கும் வேர்விடும் பவுடரில் இருப்பது பெரும்பாலும் ஐபிஏ என்ற ஆக்சின் வகை ஹார்மோன். கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, ஈர முனையைப் பொடியில் தொட்டு, ஒரு தட்டுத் தட்டி உதிர்த்துவிடுங்கள். அப்பினால் வேர் கூடாது, குறையும். மண்ணில் பென்சிலால் முதலில் குழி போட்டுக்கொண்டால் பொடி உரசிப் போகாது. மணி பிளான்ட்டுக்கு இதெல்லாம் வீண்செலவு. கணுவோடு வெட்டித் தண்ணீர் பாட்டிலில் வைத்தாலே போதும்.

பவுடருக்குப் பதில் இளநீரில் நனைக்கலாமா? 1941-இல் ஊமத்தையின் இளங்கருவை ஆய்வகத்தில் வளர்க்கத் தேங்காய்த் தண்ணீர்தான் கைகொடுத்தது. ஆனால் அதிலுள்ள சைட்டோகைனின் என்ற ஹார்மோன் துளிருக்குத் துணை. மிஞ்சினால் வேருக்குத் தடை. சர்க்கரை வேறு இருக்கிறது, எறும்புக்குக் கொண்டாட்டம்!

துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று நம்ப வேண்டாம். குச்சியில் சேமித்த சத்திலேயே இலை வரும். மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால் வேர். அப்புறம் லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளிக்கலாம். மொட்டைமாடியில் வைத்துத் தெளியுங்கள், வாடை அப்படி!