பூட்டுக்கும் புதுவண்ணமா?

வெள்ளையடித்தாகிவிட்டது. தரைக்குப் பளபளக்கும் கல். நாற்காலிகள் புதிது. "நூலகம் புதுப்பொலிவு பெற்றுவிட்டது" என்கிறார்கள். மகிழ்ச்சி! ஆனால் தோழர்களே, புத்தகம் எங்கே? கண்ணாடி அலமாரிக்குள்ளே. அலமாரிக்கு? பூட்டு! சாவி? அதை வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார்!

ஐரோப்பாவிலே ஒரு காலத்தில் புத்தகத்தைச் சங்கிலியால் பிணைத்து வைத்தார்கள். சங்கிலி போயிற்று; நம் ஊர்ப் பூட்டு போகவில்லை.

சீர்காழியில் பிறந்த ரங்கநாதன், கணக்கு ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். புத்தகம் பயன்படுவதற்கே என்பதைத்தான் 1931-இல் வெளிவந்த தம் நூலில் முதல் விதியாக வைத்தார். அந்த விதியைக் கொண்டே அலமாரியையும் அளந்தார்: வெறுந்தரையில் நிற்பவனின் கைக்கு எட்டவேண்டும், ஏழடிக்குமேல் கூடாது! நாமோ ஏணி வாங்குகிறோம். (ஏணியும் புதிதுதான்!)

1948-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது முதல், சொத்து வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். வீட்டுக்காரர் கட்டுகிறார், வாடகையிலே அது நம் தலைக்கும் வருகிறது. கொடுத்தவன் கண்ணாடிக்கு வெளியே கைகட்டி நிற்பதா?

சுவருக்குச் செலவிடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அலமாரிக் கதவுகளை முதலில் கழற்றுங்கள். பகலெல்லாம் பட்டறையில் நின்றவன் இரவு ஏழு மணிக்கு வருவான். அவனுக்கு மேசைமேல் ஒரு விளக்கும், அதுவரை திறந்திருக்கும் வாசலும் வேண்டும். இதையும் அந்த மதிப்பீட்டுத் தாளிலே எழுதிக்கொள்ளுங்கள்.